பட்டாவில் பிறந்த வீடு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியெல்லாம் தென்னந்தோப்பு. உள்ளே காவலுக்கு இருக்கும் குடும்பங்களின் குடிசைகள். இடுப்பளவு மண்சுவர், கிடுகுக் கூரை, குனிந்துதான் நுழைய வேண்டும். ஐப்பசி மழைக்குள் கிடுகு மாற்றவில்லை என்றால் பாய் விரிக்க இடமிருக்காது. நாலு பேர் கைகொடுத்தால் இதைக் கல்வீடாக்கிவிடலாமே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கீழத்தஞ்சையில் அப்படிக் குடிசைகள் கல்வீடான கதை ஒன்று உண்டு.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் நிலக்காரர்களின் ஆட்கள் வைத்த தீயில் கருகினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வயலில் உழைத்த அந்தக் குடும்பங்கள் செய்ததெல்லாம் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதான். செய்தி கேட்டு அங்கே போன கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் அந்தப் பகுதியிலேயே தங்கிவிட்டார்கள். இருவரும் வினோபா பாவேயோடு, ஏழைகளுக்கு நிலம் தானம் கேட்கும் பூதான இயக்கத்துக்காக ஊர் ஊராக நடந்தவர்கள். ஆனால் இங்கே தானம் கேட்டுக் காத்திருக்கக் காலம் இல்லை. நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தர 1981இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். விற்க முன்வந்த நிலக்காரர்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்று நிலம் எழுதிக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில். இந்த ஒன்றுக்காகவே கிருஷ்ணம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நிலத்தைத் தொடர்ந்து செங்கல் வந்தது. களிமண்ணைக் குழைத்து மிதித்து, அச்சில் அறுத்து, பச்சைக்கல்லை வெயிலில் காயவைத்து, அடுக்கிச் சூளை வைப்பதெல்லாம் ஆள்பலம் கேட்கிற வேலை. குடியிருக்கப் போகிறவர்களே அதில் இறங்கினார்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகிக்கொண்டார்கள். வீட்டின் விலையில் ஒரு பங்கை உழைப்பாகவே கொடுத்தவர்கள் அவர்கள்.

குடியிருப்பவரே உழைத்துக் கட்டும் இந்த முறைக்குக் கடல் கடந்தும் உறவு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மில்லார்டு ஃபுல்லர் 1976இல் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பும் வீடு பெறுகிறவரின் உடலுழைப்பு, தன்னார்வலர்களின் கைகள், லாபம் பார்க்காத கடன் ஆகியவற்றை நம்பித்தான் நிற்கிறது. 1983இல் இன்றைய தெலங்கானாவின் கம்மம் வழியாக அது இந்தியாவுக்குள் வந்தது.

2008இல் கிருஷ்ணம்மாளுக்கும் ஜெகந்நாதனுக்கும் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஊரெல்லாம் விருதைப் பற்றிப் பேசியது. எனக்குப் பெண்கள் பெயரில் எழுதிய அந்தப் பத்திரங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

ஏனென்றால் ராஜபாளையம் வழியில் பார்த்த தோப்புக் குடிசை நிற்பது தோப்புக்காரர் மண்ணில். 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்றார்கள்; ஆனால் மனைக்குப் பட்டா வேண்டும். குடிசையைக் கல்வீடாக்க மண்வெட்டியும் கொத்துக்கரண்டியுமாகக் கிளம்பும் நம் ஊர் இளைஞர்கள் அதற்கு முன்னால் பட்டா கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். ராஜபாளையத்திலும் தாலுகா ஆபீஸ் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறது.