எங்களுக்குப் பிறகு யார்?

ஜோர்ஜ்டவுனில் ஒரு தாயார், கற்றல் குறைபாடுடைய தம் வளர்ந்த மகனைக் காட்டி, "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது, டீச்சர்?" என்றார். அன்றிரவு சட்டங்களைப் புரட்டினேன்.

நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கும் பராமரிப்பு இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றது 1993-ஆம் ஆண்டுச் சட்டம் (506). 2008-இல் வந்த மாற்றுத் திறனாளிகள் சட்டம் (685) உரிமைகளைச் சொல்லிற்று; மீறுவோர்க்குத் தண்டனை சொல்லவில்லை. எனக்கு அது பிரம்பில்லாத கட்டளையாகவே படுகிறது (பிரம்பை நான் ஆதரிப்பவள் அல்லள்!). 2010-இல் மலேசியா ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவோ, எங்கே, யாருடன் வாழ்வது என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது.

பெற்றோர்களே, இல்லம் பார்க்கச் சென்றால் பதிவுச் சான்றிதழை முதலில் கேளுங்கள். பிறகு, அங்கிருப்பவர் அன்று உடுத்திய சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். அந்தத் தாயாரிடமும் இதையே சொன்னேன்.