புதுக்கோட்டையில் கூடிய பெண்கள் ஜமாஅத்

நவம்பர் 25-ஆம் நாளைப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் உலக நாளாக 1999-இல் ஐ.நா. பொதுப்பேரவை அறிவித்தது. அந்நாளில் நம் பங்குகளிலும் செபமும் உரைகளும் நடைபெறுவதுண்டு. ஆனால், நம் புதுக்கோட்டையிலேயே தோன்றி, தமிழகத்தின் பல மாவட்டங்களுக்குப் பரவிய ஒரு பெண்கள் வலையமைப்பைப் பற்றி அவ்வுரைகளில் யாரும் குறிப்பிட்டு நாம் கேட்டதில்லை. தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் என்பது அதன் பெயர்.

இதைத் தொடங்கியவர் தாவூத் ஷரீஃபா கானம். 1988-இல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டிற்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்ற இவர், அங்குப் பெண்கள் சொன்ன துயரங்கள் தம் ஊரிலும் இருப்பதை உணர்ந்தார். புதுக்கோட்டையில் ஸ்டெப்ஸ் என்ற மகளிர் அமைப்பை உருவாக்கினார். அது சாதி, சமயம் பாராமல் எல்லாப் பெண்களுக்குமான அமைப்பு. அறிவொளி இயக்கத்தால் கல்குவாரியில் உழைத்த பெண்கள்கூட சைக்கிள் ஓட்டக் கற்று, தாங்களாகவே வெளியே வரத் துணிந்த 1990-களின் தொடக்க காலம் அது.

உதவி தேடி வந்தவர்களில் முஸ்லிம் பெண்களின் சிக்கல் சற்று வேறுவிதமாக இருந்தது. காவல் நிலையம் போனால், "உங்கள் ஜமாஅத்தில் பேசிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். ஜமாஅத்தோ பள்ளிவாசலில் ஆண்கள் மட்டும் கூடும் இடம். தன் மணவாழ்வைப் பற்றிய விசாரணையில் அந்தப் பெண்ணுக்கே இடமில்லை. அவளுக்காகத் தந்தையோ அண்ணனோ பேச வேண்டும். இஸ்லாமிய நெறிப்படி மணமகன்தான் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பெண் வீட்டாரிடம் வரதட்சணை கேட்கப்பட்டது. கடிதத்திலும் தொலைபேசியிலும் தலாக் சொல்லப்பட்டது.

எனவே 2000-களின் தொடக்கத்தில் பெண்கள் தாங்களே ஒரு ஜமாஅத்தாகக் கூடினார்கள். பாதிக்கப்பட்டவரிடமிருந்து மனு வாங்குவார்கள். கணவருக்கும் அவர் ஊர் ஜமாஅத்திற்கும் கடிதம் எழுதி, இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். பேச்சு பலிக்காவிட்டால் காவல்துறை, நீதிமன்றம் என்று துணைக்குச் செல்வார்கள். பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் கட்டவும் முனைந்தனர். கடும் எதிர்ப்பு எழுந்தது. இவர்களின் பணியைத் தீபா தன்ராஜ் 2011-இல் ஆவணப்படமாக்கினார். ஒரே மூச்சில் சொல்லப்படும் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 22-இல்தான். புதுக்கோட்டைப் பெண்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதை எதிர்த்து நின்றவர்கள்.

இதை வாசிக்கும்போது, இது அடுத்த வீட்டுச் சிக்கல் என்று நமக்குத் தோன்றலாம். அப்படியன்று. 1869-ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவர் மனைவியின் பிறர்மனை உறவை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அத்துடன் கொடுமையையோ கைவிடப்பட்டதையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை மட்டுமே போதிய காரணம் ஆகவில்லை. 2001-இல்தான் இது திருத்தப்பட்டது. திருமணத்தின் முறிவுபடாத் தன்மையைத் திருஅவை போதிப்பது வேறு; ஒரே சட்டம் ஆணுக்கு ஓர் அளவும் பெண்ணுக்கு ஓர் அளவும் வைத்திருந்தது வேறு.

வரதட்சணையும் குடியும் நம் இல்லங்களிலும் உள்ளன. அடிபட்ட பெண் பங்குத்தந்தையிடமோ அன்பியத்தாரிடமோ வந்தால், "பொறுத்துப் போம்மா, பிள்ளைகளுக்காக" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. திருஅவைச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. துணைவர் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பெரும் ஆபத்து விளைவித்தால், ஆயரின் ஆணை பெற்றுப் பிரிந்து வாழலாம் என்கிறது 1153-ஆம் எண். தாமதம் ஆபத்தானால் அப்பெண் தானே முடிவெடுத்தும் பிரியலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற ஏட்டின் 241-ஆம் எண், இத்தகைய பிரிவு சில வேளைகளில் அறநெறிப்படி தேவையாகவே ஆகும் என்கிறது. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இது ஏன் சொல்லப்படுவதில்லை?

எண்ணிக்கை நூலின் 27-ஆம் பிரிவில், தந்தையின் உரிமைச் சொத்தில் பங்கு கேட்டு ஐந்து சகோதரிகள் மோசேயின் முன்னும் மக்கள் அனைவர் முன்னும் வந்து நிற்கின்றனர். அவர்கள் கேட்டது சரியே என்று ஆண்டவர் மோசேயிடம் சொல்கிறார். அவர்களுக்காக ஓர் ஆண் வந்து பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பங்குப் பேரவைகளில் குடும்பச் சண்டை பேசப்படும்போது, அப்பெண்ணை நேரில், கணவர் வீட்டார் இல்லாத இடத்தில், ஓர் அருட்சகோதரியோ அனுபவமுள்ள தாயோ உடனிருக்கக் கேட்பது முதல் படி. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவர் வீட்டிலேயே தங்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. அதற்கான பாதுகாப்பு அலுவலர் மாவட்டத்தில் இருக்கிறார். மகளிர் உதவி எண் 181. இந்த எண்ணைத் திருமண அறிக்கைகள் ஒட்டும் பலகையிலேயே எழுதி வைக்கலாம்.