போரும் புரட்டும் – 12: பெயரை மறைத்த சாட்சி

1990 அக்டோபர் 10. வாஷிங்டன். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து நடத்திவந்த மனித உரிமைக் குழுவின் முன்னால் ஒரு 15 வயதுச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். பெயர் நயீரா என்றார்கள். குடும்பப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால், குவைத்தில் சிக்கியிருக்கும் அவளுடைய உறவினர்களை ஈராக் ராணுவம் சும்மா விடாது என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நயீரா அழுதுகொண்டே பேசினாள். குவைத்தின் அல் அதான் மருத்துவமனையில் தொண்டராக வேலை செய்தாளாம். ஈராக் சிப்பாய்கள் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தார்களாம். குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் போட்டுவிட்டு, இன்குபேட்டர்களைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கண்ணால் கண்டதாகச் சொன்னாள். கேட்டவர்கள் உறைந்துபோனார்கள்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 2 அன்று, சதாம் உசேனின் படைகள் குவைத்தை விழுங்கியிருந்தன. சவூதி அரேபியாவில் அமெரிக்கத் துருப்புகள் வந்து இறங்கியபடி இருந்தன. ஆனால் அமெரிக்க மக்கள் மனம் இன்னும் போருக்குப் பழுக்கவில்லை. வியட்நாமின் வடு ஆறவில்லை. தவிர, குவைத் ஒரு மன்னராட்சி. அப்போது அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. எண்ணெய்ப் பணத்தில் மிதக்கும் ஓர் அரச குடும்பத்துக்காக எங்கள் வீட்டுப் பிள்ளை ஏன் சாக வேண்டும் என்று அயோவாவில் ஒரு விவசாயி கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பதிலைத் தயாரிக்கும் வேலை ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்திடம் போனது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய மக்கள் தொடர்பு நிறுவனங்களில் ஒன்று அது. அதன் வாஷிங்டன் அலுவலகத்தின் தலைவர் கிரெய்க் ஃபுல்லர். ஜார்ஜ் புஷ் துணை ஜனாதிபதியாக இருந்தபோது அவருடைய அலுவலகத் தலைமை அதிகாரியாக இருந்தவர். 1990ல் புஷ் ஜனாதிபதியாகியிருந்தார். நிறுவனத்தின் வாடிக்கையாளர் 'சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்' என்ற அமைப்பு. பெயரைப் பார்த்தால் நாடிழந்த சாமானியர்கள் உண்டியல் குலுக்கி நடத்தும் சங்கம் போலத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் கதை வேறு. தனிநபர்கள் கொடுத்தது 17,861 டாலர். குவைத் அரசு கொடுத்தது ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி ஹில் அண்ட் நோல்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்டோபர் 10 விசாரணைக்குச் சாட்சிகளைத் தேடிப் பிடித்து, பேசப் பயிற்சி கொடுத்து அனுப்பியதும் அந்த நிறுவனம்தான். அதன் ஆட்களே அதைப் படம் பிடித்தார்கள். வெட்டி ஒட்டி, செய்திப் படமாக்கி, நாடு முழுக்க நூற்றுக்கணக்கான தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். ஏ.பி.சி.யின் 'நைட்லைன்', என்.பி.சி.யின் இரவுச் செய்தி இரண்டிலும் நயீரா அழுதாள். அமெரிக்காவின் வரவேற்பறைகளுக்குள் குவைத் வந்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த மனித உரிமைக் குழு நாடாளுமன்றத்தின் முறையான கமிட்டி அல்ல. அதனால் சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்யத் தேவையில்லை. முறையான கமிட்டி முன் பொய் சொன்னால் சிறை. இங்கே சொன்னால் ஒன்றுமில்லை. குழுவை நடத்தியவர்கள் ஜனநாயகக் கட்சியின் டாம் லாண்டோஸ், குடியரசுக் கட்சியின் ஜான் போர்ட்டர். இவர்கள் இருவரும் தொடர்புடைய மனித உரிமை அறக்கட்டளை ஒன்று, ஹில் அண்ட் நோல்டன் அலுவலகத்திலேயே சலுகை வாடகையில் இயங்கிவந்தது. 'சுதந்திரக் குவைத்' அமைப்பு அதற்கு 50,000 டாலர் நன்கொடையும் கொடுத்தது. பார்வையாளர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது நாடாளுமன்றமும் ஒரு சிறுமியின் கண்ணீரும்தான்.

இதன் பிறகு நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

புஷ் மேடைக்கு மேடை இன்குபேட்டர் கதையைச் சொன்னார். நவம்பர் மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு ஒரு சாட்சி வந்தார். அறுவை சிகிச்சை நிபுணர் என்று அறிமுகம். பச்சிளம் குழந்தைகளைப் புதைத்ததாகச் சொன்னார். போர் முடிந்த பிறகுதான் அவர் ஒரு பல் மருத்துவர் என்பது தெரிந்தது. டிசம்பரில் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கையில் 312 குழந்தைகள் இறந்ததாக எண்ணிக்கையே வந்துவிட்டது. ஆம்னஸ்டியே சொல்லிவிட்டது என்று ஜனாதிபதி சொன்னார். ஜனாதிபதியே சொல்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகையில் வந்திருக்கிறது என்று செனட்டர்கள் பேசினார்கள்.

ஒரே ஊற்றில் நாலு குழாய் போட்டுவிட்டு, ஊரில் நாலு கிணறு இருக்கிறது என்று கணக்குச் சொன்ன கதை இது. ஒவ்வொருவரும் மற்றவரை ஆதாரமாகக் காட்டினார்கள். ஊற்றுக்கண்ணை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

1991 ஜனவரி 12 அன்று போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 52, எதிர்ப்பு 47. மூன்றே மூன்று பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். விவாதத்தில் இன்குபேட்டர் கதையை எடுத்துச் சொன்ன செனட்டர்கள் பலர். அந்தக் கதை ஒன்றே போரைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. எண்ணெய், இஸ்ரேல், சவூதியின் பாதுகாப்பு, புஷ்ஷின் கௌரவம் என்று காரணங்கள் வரிசைகட்டி நின்றன. ஆனால் எண்ணெய்க்காகப் போர் என்று சொல்லி ஓட்டுக் கேட்க முடியாது. குழந்தைகளுக்காகப் போர் என்று கேட்க முடியும்.

ஜனவரி 17 அன்று பாக்தாத் மீது குண்டுகள் விழுந்தன. பிப்ரவரி 28 அன்று போர் நின்றது. மார்ச் மாதம் ஏ.பி.சி. செய்தியாளர் ஜான் மார்ட்டின் குவைத் மருத்துவமனைகளுக்கு நேரில் போனார். செய்தது அவ்வளவுதான்: போனார், மருத்துவர்களிடம் கேட்டார். குழந்தைகள் இறந்தது உண்மை. டாக்டர்களும் நர்சுகளும் உயிருக்குப் பயந்து ஓடிவிட்டதால், கவனிக்க ஆளில்லாமல் இறந்தார்கள். சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து தூக்கிப் போட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஏப்ரலில் ஆம்னஸ்டி தன் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நயீரா யார் என்ற கேள்விக்கு விடை வர இன்னும் பல மாதங்கள் ஆயின. 1992 ஜனவரி 6 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையின் பதிப்பாளர் ஜான் மக்ஆர்தர். நயீரா, அமெரிக்காவுக்கான குவைத் தூதர் சவுத் நாசர் அல் சபாவின் மகள். அரச குடும்பத்துப் பெண். லாண்டோஸுக்கு இது முன்பே தெரியும். தனக்குத் தெரியாது என்றார் போர்ட்டர். கொதித்துப்போன குவைத் அரசு, க்ரோல் என்ற புலனாய்வு நிறுவனத்தை அமர்த்தியது. நயீரா அந்த நிறுவனத்திடம் சொன்னது என்ன தெரியுமா? அந்த மருத்துவமனையில் நான் தொண்டராக இருந்ததில்லை. சில நிமிடங்கள்தான் அங்கே இருந்தேன். இன்குபேட்டருக்கு வெளியே ஒரே ஒரு குழந்தையை ஒரு கணம் பார்த்தேன்.

சிறுமியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 15 வயதில், நாடு பறிபோன நிலையில், பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை. சிறைப்பிடித்த வெளிநாட்டுக் குடும்பங்களை 'விருந்தாளிகள்' என்று அழைத்து, அவர்களுடைய பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொடுத்துத் தொலைக்காட்சியில் காட்டியவர் சதாம். அந்த நாடகம் எடுபடவில்லை. வாஷிங்டன் நாடகம் எடுபட்டது. வித்தியாசம் தொழில்நேர்த்தியில்தான்.

கேள்வி பத்திரிகையாளர்களை நோக்கித்தான். சாட்சியின் குடும்பப் பெயர் என்ன, அழைத்து வந்தது யார், காசு கொடுத்தது யார்? மூன்று கேள்விகள். மூன்றுக்கும் விடை வாஷிங்டனிலேயே இருந்தது. குவைத் வரை போயிருக்க வேண்டாம். தூதர் ஒன்றும் தலைமறைவாக இருக்கவில்லை.

இதில் மிகப் பெரிய நஷ்டம் குவைத் மக்களுக்குத்தான். ஈராக் படைகள் குவைத்தில் கொலை செய்ததும் சித்திரவதை செய்ததும் கொள்ளையடித்ததும் கற்பனை அல்ல. அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பிய லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள், வருஷக்கணக்கில் சேர்த்ததையெல்லாம் அங்கே இழந்துவிட்டு வந்தவர்கள். பின்வாங்கும்போது 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்கு ஈராக் தீ வைத்தது. உண்மையே இவ்வளவு கொடூரமாக இருக்க, அதன் மேல் ஒரு பொய்யைப் பூசினார்கள். பொய் உதிர்ந்தபோது உண்மையின் மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து உதிர்ந்தது.

போன வாரம் பார்த்த பெல்ஜியத்திலும் இதுவே நடந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்தில் செய்த கொடுமைகள் என்று 1915ல் பிரிட்டனின் பிரைஸ் கமிட்டி வெளியிட்ட அறிக்கையில் பேசியவர்களும் சத்தியப் பிரமாணம் செய்யாத, பெயர் வெளியிடப்படாத சாட்சிகள்தான். அந்தக் கதைகள் வெளுத்ததன் பலன் என்ன? இருபத்தைந்து வருஷம் கழித்து யூதர்களைக் கொல்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, இதுவும் அந்த மாதிரிப் பிரசாரம்தான் என்று தள்ளிவிட்டவர்கள் இருந்தார்கள். போர்க்காலப் பொய்க்கான விலையை அடுத்த போரில் சாகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முறை ஏதோ ஒரு போர்முனையிலிருந்து நெஞ்சை உலுக்கும் ஒரு சாட்சியம் வரும்போது, நாலு இடத்தில் வந்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்த நாலும் ஒன்றா என்று பாருங்கள்.

பேசுகிறவர்களை ஹில் அண்ட் நோல்டன் தயார் செய்தது. எழுதுகிறவர்களை பென்டகன் என்ன செய்தது? பாலைவனத்தில் நிருபர்களுக்குப் போட்ட வேலியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)