மெல்ஸ் போர் நினைவுத்தூண்

மெல்ஸ் போர் நினைவுத்தூண் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளை ஒட்டிய மெல்ஸ் கிராமத்தில் உள்ளது. முதல் உலகப் போரில் மாண்ட அவ்வூரார் நினைவாக 1921-இல் எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர் சர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியின் இந்தியா கேட்டும் அவர் வடிவமைத்ததே.

மெல்ஸ் பண்ணை முன்பு கிளாஸ்டன்பரி மடத்தின் உடைமை. 1539-இல் மடம் கலைக்கப்பட்டபின் அது ஹார்னர் குடும்பத்திடம் வந்தது. ‘லிட்டில் ஜாக் ஹார்னர்’ என்ற குழந்தைப் பாட்டு இக்கைமாற்றம் முறைகேடாக நடந்ததைக் குறிப்பதாகச் சொல்வர். நிலத்தை விலைக்கே வாங்கியதாகக் கூறும் குடும்பத்தார் அதை ஏற்பதில்லை.

போரில் இறந்தோரின் உடல்களைத் தாயகம் கொண்டுவர 1915-இல் பிரிட்டனில் தடை விதிக்கப்பட்டது. கல்லறை அயல்மண்ணில் அமைந்துவிட்டதால், ஊர்தோறும் எழுந்த நினைவுச்சின்னங்களே பெற்றோர் மலர் வைக்கும் இடமாயின. மெல்ஸில் ஊர்ப் பெரியவர்களுடன் இடம் தேடி நடந்த லட்யன்ஸ், அவர்கள் வீட்டு இளைஞர்கள் அனைவரும் பலியாகிவிட்டதைக் குறிப்பிட்டு வருந்தினார்.

அந்த இளைஞர்களில் இருவரைப் பற்றியே மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. பிரதமர் ஹெச். ஹெச். ஆஸ்குவித்தின் மூத்த மகனும் வழக்கறிஞருமான ரேமண்ட் ஆஸ்குவித், சோம் போர்முனையில் 1916 செப்டம்பர் 15 அன்று இறந்தார். மார்பில் குண்டு பாய்ந்தும், தம் வீரர்கள் கலங்காதிருக்க ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார் என்பர். அவருடைய மைத்துனர் எட்வர்ட் ஹார்னர் 1917 நவம்பரில் காம்ப்ரே சண்டையில் மாண்டார். இளைய மகன் மார்க்கைப் போருக்கு முன்பே இழந்திருந்த எட்வர்டின் பெற்றோருக்கு இதன்பின் ஆண் வாரிசு இல்லை. மார்க்கின் நினைவாக ஊரில் நிற்கும் சிறு நிழற்கூடமும் லட்யன்ஸ் அமைத்ததே. புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் எட்வர்டுக்கு ஆல்ஃபிரட் மன்னிங்ஸ் செய்த குதிரைவீரர் சிலை உள்ளது. போர்க்களத்தில் அவர் புதைகுழிமேல் நட்டிருந்த மரச்சிலுவை அதன் பீடத்தில் பதிக்கப்பட்டுள்ளது.

ஊர்ப் பொதுச் சின்னம் உயர்ந்த தூண். உச்சியில் பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ். அடியில் இறந்தோர் பெயர்கள். அவர்களே பேசுவதுபோல் அமைந்த வாசகத்தை அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் எழுதினார். இருபுறமும் உள்ளூர்க் கல்லாலான சுவர்கள், அவற்றின்மேல் யூ மர வேலி. சுவரிலிருந்து நீளும் தாழ்ந்த கல்திண்ணைகள் மலர்வளையம் வைப்பதற்கானவை. ரேமண்டின் தம்பி, படைத்தலைவர் ஆர்தர் ஆஸ்குவித், 1921 ஜூன் 26 அன்று தூணைத் திறந்துவைத்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேலும் பெயர்ப் பலகைகள் சேர்க்கப்பட்டன. போர்க்கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் 1967-இல் இவ்வூர்த் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2015-இல் இங்கிலாந்திலுள்ள லட்யன்ஸின் 44 போர் நினைவுச்சின்னங்கள் தேசியத் தொகுப்பாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் மெல்ஸ் தூணும் ஒன்று.