ஹெர்மனின் இலங்கைத் தாவரத் தொகுப்பு

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் மருத்துவராக 1672இல் இலங்கைக்கு வந்த ஜெர்மானியர் பவுல் ஹெர்மன் (1646–1695) திரட்டிய உலர்தாவரங்களும் வரைபடங்களும் அடங்கிய ஐந்து தொகுதிகள். கொம்பனிக்குக் கறுவாவே முதன்மை. ஹெர்மனோ கண்ணில் பட்ட செடிகளையெல்லாம் அழுத்திக் காயவைத்து, பெரும்பாலும் சிங்களத்திலான உள்ளூர்ப் பெயர்களையும் குறித்தார். அப்பெயர்களைச் சொன்னவர்களின் பெயர்கள் மட்டும் ஏட்டில் ஏறவில்லை. பின்னர் அவர் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அவர் இறந்தபின் காணாமற்போன தொகுப்பு, கோப்பன்ஹேகனில் அரச மருந்தாளர் ஒருவரிடம் இருந்தது. அவர் 1740களில் அதை அடையாளங்காண சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் அனுப்பினார். செடிகளை மருந்துப் பயனை வைத்துப் பார்க்கும் பழைய வழக்கத்துக்கு மாறாக, மகரந்தத் தாள்களையும் சூலகத்தண்டுகளையும் எண்ணி வகுப்பது லின்னேயஸின் முறை. இலங்கைக்கு ஒருநாளும் வராத அவர், இத்தொகுப்பைக் கொண்டே 1747இல் ‘புளோரா சேலானிகா’வை எழுதினார். 1753இல் ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலில் இச்செடிகள் பலவற்றுக்கு இருசொற் பெயர் கிடைத்தது.

ஹெர்மன் சேகரித்தது பெரும்பாலும் கொழும்பை அண்டிய பகுதிகளில். எனவே லின்னேயஸ் கண்ட இலங்கை தென்மேற்கு இலங்கையே. வினாயகபுரம், கல்முனை போன்ற கிழக்குக் கரையூர்களின் உலர்வலயத் தாவரங்களுக்கு அதில் உரிய இடமில்லை. ஆங்கிலேயத் தாவரவியலாளர் சர் ஜோசப் பேங்க்ஸ் பின்னர் வாங்கிய இத்தொகுப்பு, இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.