செயல்திறன் பொறிக்கான கார்புரேட்டர் தேர்வு

கார்புரேட்டர் தேர்வு என்பது, ஓர் உள் எரி பொறிக்குத் தேவையான காற்றையும் பெட்ரோலையும் தக்க விகிதத்தில் கலந்து தரக்கூடிய கார்புரேட்டரை, அப்பொறியின் கொள்ளளவு, சுழற்சி வேகம், பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிப்பது ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பழைய வி-8 பொறிகளைப் பிரித்துப் புதுப்பித்து, கூடுதல் திறனுடன் சாலையில் ஓட்டுவோருக்கு இது முக்கியமான முடிவாகும். பெரிய கார்புரேட்டர் பொருத்தினால் திறன் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும், சாலையில் ஓடும் பொறிக்குத் தேவைக்கு மிஞ்சிய கார்புரேட்டர் நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகத் தரும்.

பின்னணி

அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய மகிழுந்துகளில் 1990களின் தொடக்கத்தில் கார்புரேட்டர் வழக்கொழிந்து, எரிபொருள் உட்செலுத்தல் முறை அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் பழைய வாகனங்களைப் புதுப்பிப்போர் கார்புரேட்டரைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றனர். இவர்கள் பெரிதும் விரும்பும் பொறிகளுள் ஒன்று, 1955இல் அறிமுகமான செவ்ரோலெட் சிறிய வி-8 வகையாகும். இதன் 350 கன அங்குல (5.7 லிட்டர்) வடிவம் 1967இல் வெளிவந்தது. இக்கட்டுரையில் அதுவே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

செயற்படும் விதம்

கார்புரேட்டரின் குழலில் வெஞ்சுரி எனப்படும் குறுகிய பகுதி உண்டு. அதன் வழியே செல்லும் காற்றின் வேகம் கூடும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. இந்த அழுத்த வேறுபாடே மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை இழுத்துக் காற்றில் தூவுகிறது. வெஞ்சுரி மிகப் பெரிதாக இருந்தால், பொறி மெதுவாகச் சுழலும்போது காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாக இழுக்கப்படாது. இதனால் முடுக்கும்போது பொறி திணறும். வெஞ்சுரி மிகச் சிறிதாக இருந்தால் உயர்ந்த சுழற்சியில் காற்று போதாமல் திறன் குறையும்.

அளவைக் கணித்தல்

கார்புரேட்டரின் அளவு, ஒரு நிமிடத்தில் அதன் வழியே செல்லக்கூடிய காற்றின் கன அடியால் குறிக்கப்படுகிறது. நான்கு வீச்சுப் பொறிக்கான வாய்பாடு பின்வருமாறு:

கொள்ளளவு (கன அங்குலம்) × நிமிடச் சுற்றுகள் × கனவளவுத் திறன் ÷ 3456

ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். நான்கு வீச்சுப் பொறி தன் முழுக் கொள்ளளவை நிரப்ப இரண்டு சுற்றுகள் தேவை. இவ்விரண்டின் பெருக்கற்பலனே 3456 ஆகும். உருளைகள் உண்மையில் எவ்வளவு நிரம்புகின்றன என்பதைக் கனவளவுத் திறன் காட்டுகிறது.

350 கன அங்குலப் பொறிக்கு இவ்வாய்பாடு தரும் அளவுகள்:

* 5500 சுற்றுகள், 85 விழுக்காடு: ஏறத்தாழ 473 கன அடி
* 6000 சுற்றுகள், 95 விழுக்காடு: ஏறத்தாழ 577 கன அடி
* 7000 சுற்றுகள், 100 விழுக்காடு: ஏறத்தாழ 709 கன அடி

சாலைப் பயன்பாட்டுக்குரிய பொறி பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளுக்குள் அடங்கும். எனவே 600 கன அடி கார்புரேட்டர் அதற்குப் போதுமானது. பொறி ஒருபோதும் எட்டாத சுழற்சியை வைத்துக் கணிப்பதே அளவு மிகுந்துவிடுவதற்கு முதன்மையான காரணம்.

வெவ்வேறு வகைகளை ஒப்பிடும்போது கவனம் தேவை. நான்கு குழல் கார்புரேட்டர்கள் 1.5 பாதரச அங்குல அழுத்த வேறுபாட்டிலும், இரண்டு குழல் கார்புரேட்டர்கள் 3 பாதரச அங்குலத்திலும் அளக்கப்படுகின்றன. ஆகவே 500 கன அடி எனக் குறிக்கப்பட்ட இரண்டு குழல் கார்புரேட்டர், நான்கு குழல் அளவீட்டின்படி ஏறத்தாழ 354 கன அடியே ஆகும்.

இரண்டாம் நிலைக் குழல்கள்

நான்கு குழல் கார்புரேட்டரில் முதல் இரண்டு குழல்கள் இயல்பான ஓட்டத்திற்கும், மற்ற இரண்டு கூடுதல் திறன் வேண்டும்போதும் பயன்படுகின்றன. பின்னவை திறக்கும் முறை இரு வகைப்படும்.

* வெற்றிட முறை: பொறி இழுக்கும் காற்றின் அளவுக்கேற்பத் திறக்கும். கனமான வாகனங்களுக்கும் தானியங்கிப் பல்லிணை உள்ளவற்றுக்கும் ஏற்றது.
* இயந்திர முறை: ஓட்டுநர் மிதிக்கும் அளவுக்கேற்பத் திறக்கும். எடை குறைந்த, கைமுறைப் பல்லிணை கொண்ட வாகனங்களுக்கு ஏற்றது.

1965இல் வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட், 750 கன அடி அளவிலும் 350 பொறியுடன் இசைந்து இயங்கியது. அதன் முதல்நிலைக் குழல்கள் 1⅜ அங்குலமாகச் சிறுத்தும், இரண்டாம் நிலைக் குழல்கள் 2¼ அங்குலமாகப் பெருத்தும் இருந்தமையும், பின்னவற்றைக் காற்றுத் தகடு ஒன்று கட்டுப்படுத்தியமையும் இதற்குக் காரணங்களாகும்.

கேம் தண்டும் வெற்றிடமும்

புதுப்பிக்கும்போது வீரியமிக்க கேம் தண்டு பொருத்தப்பட்டால், வெற்றோட்டத்தில் பொறியின் வெற்றிடம் குறையும். ஹோலி வகைக் கார்புரேட்டர்களில் உள்ள திறன் வால்வு, வெற்றிடம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் தரும். 6.5 அங்குல வால்வு உள்ள பொறியின் வெற்றோட்ட வெற்றிடம் 6 அங்குலமே எனில், அவ்வால்வு வெற்றோட்டத்திலும் திறந்தே இருக்கும். வெற்றோட்ட வெற்றிடத்தில் ஏறத்தாழப் பாதி அளவுள்ள வால்வைத் தெரிவது வழக்கம். 9 அங்குல வெற்றிடத்திற்கு 4.5 அங்குல வால்வு பொருந்தும். தானியங்கிப் பல்லிணை வாகனங்களில், பல்லிணையை ஓட்ட நிலையில் வைத்தே வெற்றிடம் அளக்கப்படுகிறது.

தவறான தேர்வின் விளைவுகள்

பெட்ரோல் முழுமையாக எரியக் காற்று எடையளவில் ஏறத்தாழ 14.7 மடங்கு தேவை. உச்சத் திறனுக்கு இது 12.5 முதல் 13 வரை குறைக்கப்படுகிறது. இதைவிடப் பெட்ரோல் மிகவும் கூடினால், எரியாத பெட்ரோல் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். புதுப்பித்த பொறியில் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு இன்னும் படிந்திராத நிலையில் இது வளையங்களையும் சுவரையும் விரைவில் தேய்த்துவிடும். மாறாக, முழுச் சுமையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் மிகுந்து, இடிப்பு ஏற்பட்டு, பிஸ்டன் உருகவும் கூடும். இதனால், புதுப்பித்த பொறியின் ஆயுளும் கார்புரேட்டர் தேர்வையும் அதன் சீரமைப்பையும் பொறுத்ததாகிறது.