அட்லாண்டா கல்விக் குழுத் தேர்தல்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அட்லாண்டா நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் இருந்தன. அவற்றை ஆண்ட நகரக் கல்விக் குழுவிலோ அவ்வினத்தார் ஒருவரும் இலர். ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுங்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே அம்மக்களுக்கு நீதிமன்றத்தின் வழியாக 1946இல்தான் கிட்டியது.

1953இல் அக்குழுவுக்குப் போட்டியிட்டார் ரூஃபஸ் கிளெமென்ட். 1937 முதல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய கல்வியாளர் அவர். குறையே இல்லாதவர் என்று கூற மாட்டோம். பேரறிஞர் டு பாய்ஸ் 1944இல் அப்பல்கலைக்கழகத்தினின்று விலக்கப்பட்டது இவர் தலைமையில்தான். ஆயினும் இத்தேர்தலை நம் இளைஞர் ஊன்றி நோக்க வேண்டும். தனித்தொகுதி ஏதும் இல்லை. நகரம் முழுவதும் வாக்களித்தது. வாக்காளருள் வெள்ளையரே மிகுதி. தம் மக்களின் வாக்குகள் ஒருமித்து விழுந்தாலும் போதா. வெள்ளையருள் ஒரு பகுதியினரும் ஆதரித்தாக வேண்டும். அவ்வாறே ஆதரவு திரண்டது. பதவியிலிருந்த வெள்ளையரைத் தோற்கடித்துக் கிளெமென்ட் வென்றார்.

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17இல். குழுவில் அவர் இருந்தும், ஒன்பது கறுப்பின மாணவர் அந்நகரின் வெள்ளையர் பள்ளிகள் நான்கினுள் அடியெடுத்து வைத்த நாள் 1961 ஆகஸ்டு 30.